பாக்கெட்டில் ஒரு போர்க்களம்

1977இல் அமெரிக்காவின் டெக்ஸஸ் மாநிலத்திலிருந்து ஒரு விளையாட்டு வெளியானது. பெயர் ‘ஓகர்’. வடிவமைத்தவர் ஸ்டீவ் ஜாக்சன். விலை 2.95 டாலர். பாக்கெட்டில் செருகிக்கொள்ளும் அளவு. உள்ளே ஒரு வரைபடம், சிறிய விதிப் புத்தகம், கத்தரித்து எடுக்க வேண்டிய மெல்லிய அட்டைக் காய்கள். பகடையைக்கூட நாம்தான் தேடிக்கொள்ள வேண்டும்.

சிக்கனம் அட்டையோடு சரி. ஒரு பக்கம் ஒரே ஒரு ராட்சத டாங்கி. மறுபக்கம் ஒரு படை. அதில் எதைச் சேர்ப்பது, எங்கே நிறுத்துவது என்பது ஆடுபவர் பாடு. டாங்கியின் ஓட்டத்தை முடக்குவதா, பீரங்கியை உடைப்பதா? தலைமையகம் தப்புவது அந்த முடிவைப் பொறுத்தது. மூன்று புலிகளைப் பதினைந்து ஆடுகளால் மடக்கிப் பழகிய நமக்கு இந்தத் தவிப்பு புதிதல்ல.

2012இல் ரசிகர்கள் 9 லட்சம் டாலருக்கு மேல் திரட்டிக் கொடுக்க, அதே விளையாட்டு 10 கிலோவைத் தாண்டும் பெட்டியாக உருவெடுத்தது. பிறகு பாக்கெட் பதிப்பும் வந்தது, பழைய 2.95 டாலருக்கே.

பெட்டி அலமாரிக்கு அழகு. ஆனால் முன்பின் தெரியாத ஆட்டத்தில் ஒரு மாணவன் துணிந்து இறங்க விலை குறைவாக இருக்க வேண்டும். தோற்ற பிறகும் “இன்னொரு ஆட்டம்” என்று அவன் கேட்க, விதிகள் நன்றாக இருந்தால் போதும்.