கழுநீர்ப் பானை போன பிறகு

மாட்டை நாம் தொட்டுக் கும்பிடுவது பின்பக்கத்தில். லட்சுமி அங்கே குடியிருக்கிறாள் என்று நம்பிக்கை. வாய்ப்பக்கம் போய்ப் பார்க்கும் வழக்கம் நமக்கு இல்லை. எச்சில் நூல் நூலாக ஒழுகுகிறதா, நாக்கில் கொப்புளம் உண்டா, குளம்புப் பிளவில் புண்ணா என்று, கபாலீஸ்வரர் கோயில் மாட வீதியில் அமாவாசைக்கு அமாவாசை அகத்திக்கீரைக் கட்டை நீட்டும் நாம் கவனித்ததே கிடையாது. மூன்றும் கோமாரியின் அடையாளங்கள். நோய்கண்ட மாட்டின் எச்சில் பட்ட தீவனமோ தண்ணீர்த் தொட்டியோ போதும், அடுத்த மாட்டுக்கு ஒட்டிக்கொள்ள. புண்ணியத்துக்காக நாம் வாசலில் வைத்த சிமெண்ட் தொட்டியும் இதில் சேர்த்திதான். அதைக் கடைசியாக எப்போது தேய்த்துக் கழுவினோம்?

2013-இல் கோமாரி தமிழ்நாட்டு மாடுகளை வாரிக்கொண்டு போனது. மயிலாப்பூரிலும் தி.நகரிலும் அடையாறிலும் அது டெல்டா மாவட்டச் செய்தியாக வந்து, காபியோடு முடிந்தது.

ஒரு காலத்தில் வீட்டுக்கு வீடு கழுநீர்ப் பானை இருந்தது. அரிசி களைந்த தண்ணீர், காய்கறித் தோல், வாழைப்பழத் தோல் எல்லாம் அதில் விழும். பால்காரர் வீட்டுப் பையன் சாயங்காலம் வந்து வாங்கிப் போவான். அடுக்குமாடி வந்தது, பானைக்கு இடமில்லாமல் போயிற்று. அதே தோலையும் மீந்த சாம்பார் சாதத்தையும் பிளாஸ்டிக் பையில் போட்டு, நாற்றம் வரக்கூடாதென்று இறுக்கி முடிச்சும் போட்டுத் தெருமுனைத் தொட்டியில் எறியப் பழகினோம். மாட்டுக்கு முடிச்சவிழ்க்கத் தெரியாது. நாக்கால் சுருட்டி முழுசாக விழுங்கிவிட்டு அப்புறம்தான் அசைபோடும். பிளாஸ்டிக் செரிக்காது, முழுசாக வெளியேறவும் செய்யாது. முதல் இரைப்பையில் திரண்டு கிடந்து இடத்தை அடைத்துக்கொள்ளும். வயிறு உப்பிய மாடு பட்டினி கிடக்கும்.

2019 அக்டோபரில் திருமுல்லைவாயில் பசு ஒன்றை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுவந்தார்கள். ஐந்து மணி நேரத்துக்கு மேல் நீண்ட அறுவை சிகிச்சையில் வெளியே வந்தது 52 கிலோ பிளாஸ்டிக். மாநிலத்தில் பிளாஸ்டிக் பைக்குத் தடை வந்து அப்போது பத்தாவது மாதம். பசு எங்கோ வடமேற்கில் இருந்ததால் பை நம்முடையதில்லை என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். பாண்டி பஜாரில் குப்பைத்தொட்டியை முகரும் மாட்டின் வயிற்றைத் திறந்து பார்க்காதவரை சொல்லிக்கொள்ளலாம்.

அன்பாகக் கொடுப்பதிலும் கேடு உண்டு. சர்க்கரைப் பொங்கலையும் வடித்த சோற்றையும் தட்டு தட்டாக ஊட்டினால் வயிற்றில் அமிலம் ஏறி மாடு படுத்துவிடும், சமயத்தில் செத்தும் போகும். மாட்டுப் பொங்கலை ஒட்டிக் கால்நடை மருத்துவர்கள் இதைச் சொல்லாமல் இருப்பதில்லை. மாட்டுக்கு வேண்டியது வைக்கோலும் பசும்புல்லும். ஆனால் வைக்கோல் நம் சமையலறையில் மிஞ்சுவதில்லையே.

பாலுக்கு வருவோம். கறந்து முடித்ததும் காம்பின் துளை உடனே மூடிக்கொள்ளாது. அரை மணி நேரமாவது மாட்டைப் படுக்கவிடாமல் நிற்கவைத்துத் தீவனம் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் தரையிலிருக்கும் கிருமி துளைவழியே ஏறி மடிநோய் வரும். நம் பக்கத்துச் சந்துகளில் கறந்த கையோடு மாட்டை அவிழ்த்துவிடுகிறார்கள், அது போய்ப் படுப்பது சாக்கடை ஓரத்தில். கட்டிவைக்க அவர்களுக்கு இடமில்லை. சரி, மடிநோய்க்கு ஊசி போட்டாயிற்று. மருந்து உடம்பைவிட்டுப் போகும்வரை அந்தப் பாலைக் கொட்டிவிட வேண்டும். "மருந்து போட்டிருக்கு மாமி, நாலு நாள் பால் வேணாம்" என்று ஒருவர் நேர்மையாகச் சொன்னால், ஐந்தாம் நாள் நாம் ஆவின் பாக்கெட்டுக்கு மாறியிருப்போம்.

தண்ணீர் கலக்கிறாயா என்று தலைமுறை தலைமுறையாகக் கேட்டிருக்கிறோம். கோமாரித் தடுப்பூசி போட்டாயா என்று கேட்டதில்லை. அந்த ஊசியை ஆறு மாதத்துக்கு ஒருமுறை இலவசமாகப் போடுகிறார்கள். மத்திய அரசு 2019-இல் தொடங்கிய தேசியத் திட்டம் அது. கன்று வீச்சு நோய்க்கும் அதே திட்டத்தில் ஊசி உண்டு: கிடேரிக் கன்றுக்கு நான்கிலிருந்து எட்டு மாத வயதுக்குள், ஆயுளுக்கு ஒரு தடவை. இந்த நோய் மனிதருக்கும் தொற்றி, விட்டுவிட்டு வரும் காய்ச்சலாகவும் மூட்டுவலியாகவும் ஆளை உருக்கும். பாலைக் காய்ச்சிக் குடிப்பதால் நாம் தப்பித்துக்கொள்கிறோம். செத்துப் பிறந்த கன்றை வெறுங்கையால் இழுத்துப் போடுகிறவருக்கு அந்தக் காப்பும் கிடையாது.

மாடு முட்டிய செய்தி வந்தால் மட்டும் நமக்குச் சட்டம் நினைவுக்கு வரும். உரிமம் இல்லாமல் நகரத்தில் மாடு வளர்க்கக் கூடாதென்று 1997-லேயே தனிச் சட்டம் போட்டாயிற்று. வாசலுக்குக் கறந்த பால் வந்துகொண்டிருந்தவரை நாம் அதைத் தேடவில்லை. இப்போது மாநகராட்சி வண்டி மாட்டை ஏற்றிக்கொண்டு புதுப்பேட்டைக்கோ பெரம்பூருக்கோ போகிறது. அபராதத் தொகை கூடியதற்கு நாம் கைதட்டுகிறோம். அங்கே பணம் கட்டுகிறவர் மாட்டுக்காரர் ஒருவர்தான். முடிச்சுப் போட்ட பையை எறிந்தவர்கள் யாரும் அந்த வரிசையில் நிற்பதில்லை.