விடியற்காலக் கானமும் துருவ ஜோதியும்

துருவ ஜோதி என்றதும் நம் மனக்கண்முன் தோன்றுவது, நார்வே, ஐஸ்லாந்து முதலிய வடதேசங்களின் வானில் பட்டுத்திரைபோல் அசைந்தாடும் பச்சை ஒளியே. சித்திரங்களில் இடம் பெறுவதும் அதுதான். ஆனால் வானில் பால் தெளித்தாற்போல் மங்கலாகப் பரவி நிற்கும் ஜோதி ஒன்றும் அங்கே உண்டு. அதை மேகமென்று எண்ணிக் கடந்து செல்வோர் பலர். ஆயினும் துருவப் பிரதேசத்து வானில் வந்து விழும் எலெக்ட்ரான்களின் சக்தியில் பெரும்பகுதியைக் கொண்டுவருவது இந்த மங்கலான ஜோதியே!

இந்த எலெக்ட்ரான்கள் பூமியின் காந்தக் கோடுகளைச் சுற்றிச் சுழன்றவாறே வடக்கும் தெற்குமாக ஓடித் திரிபவை. துருவத்தை நெருங்க நெருங்கக் காந்த சக்தி வலுத்து, அவற்றைத் திருப்பி அனுப்பிவிடும். அங்ஙனமாயின், சில மட்டும் அந்தக் காவலைத் தாண்டி வாயு மண்டலத்தில் விழுவது எவ்வாறு?

பூமியைச் சூழ்ந்த வெளியில், மின்சாரம் ஏறிய வாயு மெல்லியதாய்ப் பரவியிருக்கிறது. இதற்குப் பிளாஸ்மா என்று பெயர். அதில் எழும் அலைகளே எலெக்ட்ரான்களை வழி தவறச் செய்கின்றன. எந்த அலை என்பதில்தான் சுமார் 40 ஆண்டுகள் வழக்கு நடந்தது. வழக்கில் நின்றவை இரண்டு. அவற்றுள் ஒன்று 'கோரஸ்' என்னும் அலை. அதை ஒலியாக மாற்றிக் கேட்டால், விடியற்காலையில் பறவைகள் கூடிக் கூவுவது போலிருக்கும். ஊஞ்சலை அதன் வீச்சறிந்து தள்ளினால் ஆட்டம் மிகுகிறதல்லவா? அவ்வாறே எலெக்ட்ரானின் சுழற்சிக்கு இசைந்த அலை அதன் போக்கைச் சிறிது சிறிதாகத் திருப்பிவிடுகிறது. தடம் மாறிய எலெக்ட்ரான் கீழே பாய்ந்து, சுமார் 100 கிலோமீட்டர் உயரத்தில் பிராணவாயுவின் அணுக்களைத் தாக்கிப் பச்சை ஒளி வீசச் செய்கிறது.

2010-ஆம் ஆண்டில் அமெரிக்க விஞ்ஞானி ரிச்சர்ட் தார்னும் அவருடைய சகாக்களும், செயற்கைக்கோள் அளந்த அலைகளைக் கணக்கிட்டு, பூமிக்கு அண்மையான பகுதியில் இதைச் செய்வது முக்கியமாகக் கோரஸ் அலையே என்று நிறுவினார்கள். பூமிக்கு வெகு தொலைவில் மற்ற அலைக்கும் பங்குண்டு. பின்னர், ஜப்பான் 2016-ல் ஏவிய 'அராஸே' செயற்கைக்கோள் நேரிலேயே சாட்சி சொல்லிற்று. அங்கே அலை எழும்போதெல்லாம் எலெக்ட்ரான்கள் உதிர்ந்தன. அவை விழுந்த இடத்தில் ஜோதியும் அதே தாளத்தில் மின்னி மின்னி மறைந்தது. 2018-ல் இச்செய்தி வெளியாயிற்று.

இதே அலைகள் வேறு சில எலெக்ட்ரான்களை ஒளியின் வேகத்தை நெருங்குமளவுக்கு உந்திவிடவும் வல்லவை. அவை செயற்கைக்கோள்களின் கருவிகளைப் பழுதாக்கக்கூடும். புயற் செய்திக்கும் தொலைபேசிக்கும் செயற்கைக்கோள்களை நம்பியிருக்கும் நாம், அந்த மங்கலான ஜோதியை வெறும் மேகமென்று ஒதுக்கிவிடுவதற்கில்லை.