நாற்பது கதிரைகளும் ஓர் ஒலிவாங்கியும்

வவுனியாவிலிருந்து ஒரு தாயார் கடிதம் எழுதியிருக்கின்றார். அவருடைய மகன் உயர்தர வகுப்பிற் படிக்கின்றான், கணிதத்தில் கெட்டிக்காரன், ஊர்சுற்றும் பழக்கம் இல்லாதவன். ஆனால், சில மாதங்களாகக் காதிலே எதையோ மாட்டிக்கொண்டு, இருவர் சண்டை பிடிப்பது போன்ற ஒன்றை ஓயாமற் கேட்கின்றானாம். என்னவென்று வினவினால், "அம்மா, இதுவும் பாட்டுத்தான்" என்கின்றானாம். "பாட்டென்றால் இராகம் எங்கே? கொப்பி ஒன்றிலே ஏதோ எழுதி எழுதி வெட்டுகின்றான். கைத்தொலைபேசியைப் பறித்து வைக்கலாமா?" என்பது அந்த அம்மையாரின் கேள்வி.

பறிக்க வேண்டாம், அம்மா. கொப்பியைப் பறிக்கவே வேண்டாம். பையன் கேட்பது எதுவென்று முதலிற் பார்ப்போம்.

மகனுடைய தொலைபேசியிற் கண்ட பெயர்களை அவர் எழுத்துக்கூட்டி அனுப்பியிருந்தது பேருதவியாயிற்று. எம். எஃப். டூம், ஈசொப் றொக், தெருக்குறள் என்பன அவற்றுட் சில. அவற்றைப் பார்த்ததும் எனக்குப் பையன்மேல் மதிப்பே உண்டாயிற்று. ஹிப் ஹொப் என்பது இன்று ஒரு பெருஞ்சந்தை. வாசலிலே கூவி விற்கின்ற கடைகளையெல்லாம் கடந்து, உள்ளே ஒரு மூலையிற் பழைய புத்தகம் பரப்பியிருப்பவனைத் தேடிப்போயிருக்கின்றான் இந்தப் பிள்ளை.

ஹிப் ஹொப் பிறந்த நாளையும் வீட்டையுங்கூடச் சுட்டிச் சொல்வது வழக்கம். 1973ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் 11ஆந் திகதி. நியூ யோர்க் நகரின் புரொங்ஸ் பகுதியில், செட்ஜ்விக் வீதி 1520ஆம் இலக்கக் கட்டடம். யமேக்காவிலிருந்து குடியேறிய கூல் ஹேர்க் என்னும் இளைஞர், தம் தங்கை நடத்திய விருந்திலே இசைத்தட்டுகளைச் சுழற்றினார். பாட்டின் நடுவே தாளம் மட்டும் தனித்து ஒலிக்கும் சிறு பகுதியை, ஒரே தட்டின் இரண்டு பிரதிகளை மாறி மாறி ஓடவிட்டு நீட்டினார். அவ்வாறு நீண்ட தாளத்தின்மேல் ஏறிய பேச்சே ராப் ஆயிற்று. பின்னர் அந்த ஏழைச் சிறுவர்கள் தெருவிளக்குக் கம்பத்திலிருந்து மின்சாரத்தை இழுத்துப் பூங்காக்களிற் பாடினார்கள். இதை நான் முதன்முதல் வாசித்தபோது 1990களின் வன்னிதான் நினைவுக்கு வந்தது. அப்போது மின்சாரம் இல்லை, பற்றரிக்கோ தடை. துவிச்சக்கரவண்டியைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்து, ஒருவர் மிதியைச் சுற்ற, டைனமோ தந்த மின்னிலே வானொலி பாடியது. சுற்றுகின்றவர் களைத்தாற் பாட்டும் களைத்துவிடும்.

அந்தப் புரொங்ஸ் விதை உலகெங்கும் முளைத்துக் காசும் புகழும் காய்த்தபின், ஒரு சிறு கிளை வேறு பக்கம் திரும்பியது. புத்தகப்பூச்சிகளான பையன்களின் ராப் அது. ஆங்கிலத்திலே இத்தகையவரை 'நேர்ட்' என்பார்கள். எம்.சி. புரொண்டலொட் என்பவர் 2000ஆம் ஆண்டில் 'நேர்ட்கோர்' என்று அதற்குப் பெயரும் சூட்டினார். கணினி, சித்திரக் கதை, விஞ்ஞானம் ஆகியவையே அவர்களின் பாடுபொருள். உண்மையைச் சொன்னால், அவர்களுட் பலருடைய வேடிக்கை மூன்றாம் முறை கேட்கையிற் சலித்துவிடுகின்றது. அந்தப் பெயரைத் தாம் பூணாமல், அதே படிப்பாளிக் குணத்தோடு பாடியவர்களே என் மனத்துக்குப் பிடித்தவர்கள். ஈசொப் றொக் அத்தகையவர். 2014ஆம் ஆண்டில் ஒருவர் பல ராப் பாடகர்களின் முதல் 35,000 சொற்களை எடுத்து, அவற்றுள் வெவ்வேறான சொற்கள் எத்தனை என்று எண்ணிப் பார்த்தார். ஈசொப் றொக்கிடம் 7,392 இருந்தன. அதே அளவையாற் பார்க்கையில் சேக்ஸ்பியரிடம் 5,170தான். சொல்லின் தொகை கவிதையின் தரம் ஆகாது என்பது எனக்கும் தெரியும். ஆனால், அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்கவேண்டிய பாட்டும் உலகில் உண்டு என்பதற்கு அந்தக் கணக்குச் சாட்சி.

டூமின் கதை வேறு வகையானது. அதை வன்னி வாசகர்களுக்குச் சற்று விரித்தே சொல்ல விரும்புகின்றேன்.

அவர் இலண்டனிற் பிறந்து நியூ யோர்க்கில் வளர்ந்தவர். தம் தம்பியோடு சேர்ந்து கே.எம்.டி. என்ற குழுவிற் பாடினார். 1993ஆம் ஆண்டில் அந்தத் தம்பி வாகனம் மோதி இறந்தான். இருவரும் தொடங்கி, பின்னர் அவர் தனியே முடித்த இசைத்தொகுப்பைப் பெரிய நிறுவனம் வெளியிடாமற் கைவிட்டது. தம்பியும் இல்லை, தொழிலும் இல்லை. அதன்பின் சில ஆண்டுகள் அவர் எங்கே போனார் என்றே கேட்பாரில்லை. 1990களின் கடைசியில், மன்ஹற்றனில் உள்ள நியூயோரிக்கன் கவிஞர் கபே என்னும் சிறிய அரங்கிலே, யாரும் ஏறிப் பாடலாம் என்ற இரவுகளில், முகத்தைக் காலுறைத் துணியால் மறைத்துக்கொண்டு ஒருவர் வந்து பாடினார். அவர்தான் இவர். பின்னர் அந்தத் துணி உலோக முகமூடியாயிற்று. சித்திரக் கதை வில்லன் ஒருவனின் சாயலிற் பெயரும் புதிதாயிற்று. என்னைப் பார்க்காதே, சொல்லைக் கேள் என்பது போன்ற கோலம் அது.

2004ஆம் ஆண்டில், மட்லிப் என்னும் இசையமைப்பாளரோடு சேர்ந்து 'மட்விலனி' என்ற தொகுப்பை வெளியிட்டார். இருபத்திரண்டு உருப்படிகள், எல்லாம் சேர்ந்து முக்கால் மணிநேரந்தான். பெரும்பாலானவற்றுக்குப் பல்லவியே கிடையாது. வெண்பா போலச் சுருங்கத் தொடங்கிச் சுருங்க முடிந்துவிடும். அதே ஆண்டில் வந்த இன்னொரு தொகுப்பின் தலைப்பு, அவருடைய பெயரின் ஆறு ஆங்கில எழுத்துகளையே இடம் மாற்றி 'உணவு' என்று பொருள்பட அமைத்தது. பாட்டுகளும் உணவைப் பற்றியனவாகவே நடக்கும். நம் பழைய சிலேடைப் புலவர்கள் கண்டிருந்தால் எழுந்து நின்று தலையாட்டியிருப்பார்கள். 2020ஆம் ஆண்டு ஒக்டோபரில் அவர் காலமானார். அந்த வருடத்தின் கடைசி நாளிலேதான் செய்தி வெளியாயிற்று.

உடன்பிறந்தாரை இழந்து, சில காலம் ஊமையாகி, பின்னொரு நாள் சிறிய மண்டபமொன்றிலே சொல்லை மட்டும் கையிற்கொண்டு வந்து நின்ற மனிதனை ஏன் எங்கள் பிள்ளைகள் தேடிக் கேட்கின்றார்கள் என்று வன்னியிலே விளக்கவேண்டிய அவசியம் இல்லை.

தமிழிலும் இது நேற்றுத் தோன்றியதன்று. மலேசியாவின் பொயற்றிக் அமோ குழுவினர் 1998ஆம் ஆண்டிலேயே தங்கள் தொகுப்பில் மற்ற மொழிகளோடு தமிழையும் ஏற்றினார்கள். அக்குழுவின் யோகி பி, நட்சத்திராவோடு சேர்ந்து 2006இல் தந்த 'வல்லவன்' முழுத் தமிழ்த் தொகுப்பு. இலங்கையிற் கிருஷான் மகேசன் தமிழ் ராப் பாடினார். யாழ்ப்பாணத்திற் பிறந்து கனடாவில் வளர்ந்த ஷான் வின்சன்ட் டி போல், ரொறன்ரோவின் யாஞ்சன் என்னும் மிருதங்கக் கலைஞரோடு அமர்ந்து, மிருதங்கமே துணையாக ஆங்கிலத்திற் பாடுவதைச் சங்கீத ரசிகர்கள் ஒருமுறையேனும் கேட்கவேண்டும். தெருக்குறள் என்பது தமிழ்நாட்டு அறிவு, ஒப்ரோ என்னும் இசைஞரோடு சேர்ந்து 2019இல் வெளியிட்டது. தலைப்பிலேயே சிலேடை இருக்கின்றது, பாருங்கள். 2021இல் அறிவும் தீயும் பாடிய 'எஞ்சாயி எஞ்சாமி' உலகெங்கும் ஒலித்தது; தெருக்குறளைக் கேட்டவர்களோ சிலர். அறிவின் பாட்டியார் வள்ளியம்மாள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் தமிழ்நாடு திரும்பியவர். 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தால் அவ்வாறு கப்பலேறிய குடும்பங்கள் எத்தனை! கப்பலேறாதவர்களுட் பலர் 1977ஆம் ஆண்டு வன்செயலின்பின் மலையகத்திலிருந்து வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் வந்து காடு வெட்டிக் குடியேறினார்கள். ஆதலால் அந்தப் பாட்டின் சொந்தக்காரர் பலர் எங்கள் அயல்வீட்டிலேயே இருக்கின்றார்கள்.

இனி மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. தமிழ் ராப்பை எப்படி மதிப்பிடுவது? தொல்காப்பியர் சொல்லும் தொடைகளில் இயைபு ஒன்று. அஃது அடியின் இறுதி ஒத்து வருவது. ஆங்கில ராப் அதைத்தான் உயிராகக் கொண்டது. ஆனால், தமிழில் இயைபு மிக மலிவான சரக்கு. வந்தான், நின்றான், சென்றான் என்று விகுதியே வேலையைச் செய்துவிடும், பாடுகின்றவனுக்கு உழைப்பில்லை. நம் மொழியின் செல்வம் அடியின் தொடக்கத்திலே, இரண்டாம் எழுத்திலே, எதுகையாக இருக்கின்றது. விகுதியை நம்பாமல் எதுகையை வரியின் உள்ளே இழைப்பவனே தமிழ் ராப்பிற் கெட்டிக்காரன்.

கிளிநொச்சிப் பக்கத்துச் சனசமூக நிலையம் ஒன்றிற் கடந்த வருடம் இதை நேரிற் கண்டேன். நாற்பது கதிரைகள் இருந்தன. ஐந்தாறு வெறுமையாகவும் கிடந்தன. ஒரு பையன் எழுந்து வன்னிக் குளங்களின் பெயரை மட்டும் வைத்துப் பாடினான். எல்லாப் பெயரும் 'குளம்' என்றே முடிவதால் இயைபு தானே வந்துவிடும். அவனோ அதைத் தொடவில்லை. பாவற்குளத்துக்குக் காவலையும் நாவலையும் கொண்டுவந்தான், முத்தையன்கட்டுக்கு வித்தை, அக்கராயனுக்கு இக்கரை. பின்வரிசையிலிருந்து ஒரு கிழவர், "தம்பி, எங்கட குளத்தை விட்டிட்டாய்!" என்று குரல் கொடுத்து, வரைபடத்திற் காணமுடியாத ஒரு சிறு குளத்தின் பெயரைச் சொன்னார். "வாறது அப்பு, வாறது" என்று தாளம் பிசகாமற் சொல்லிவிட்டு, மூன்று வரி கழித்து அந்தப் பெயரையும் எதுகையோடு கட்டி இறக்கினான். மண்டபம் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கின்றது.

எனக்குப் பக்கத்தில் இருந்தவர் கூத்தாடிய குடும்பத்துப் பெரியவர். முல்லைமோடிக் கோவலன் கூத்தைத் தலைமுறையாக ஆடியவர்கள். "இது வரவுப்பாட்டுத்தானே" என்றார். அவர் சொன்னது சரி. கூத்திலே அரசன் களரிக்குள் வந்ததும் தன் பெயரையும் குலத்தையும் வீரத்தையும் தானே தாளத்தோடு பறைசாற்றுகின்றான். ராப் பாடகனும் முதலிற் செய்வது அதுவே. அதனால் இந்தக் கலைக்கு அடக்கம் இல்லை என்று குறைசொல்பவர்கள் கூத்தையும் சேர்த்தே குறைசொல்ல வேண்டியிருக்கும்.

வேறொரு குறை மெய்யானது. இப்பாட்டுகளிற் சிலவற்றில், குறிப்பாக ஆங்கிலப் பாட்டுகளில், வீட்டு விறாந்தையில் ஒலிக்கத் தகாத சொற்கள் வருகின்றன. டூமும் அதற்கு விலக்கல்லர். தாய்மார் அதைப் பற்றிப் பிள்ளையோடு வெளிப்படையாகப் பேசலாம். கூட இருந்து ஒரு தொகுப்பை முழுமையாகக் கேட்டுவிட்டுப் பேசினாற் பிள்ளையும் செவிகொடுப்பான்.

இவ்வகைப் பாட்டுக்குச் சிறிய இடமே பொருத்தம். 2024ஆம் ஆண்டு பெப்ரவரியில் யாழ்ப்பாணம் முற்றவெளியிற் பாடகர் ஹரிஹரனின் நிகழ்ச்சிக்குத் திரண்ட சனம் தடுப்புகளைத் தள்ளி உட்புகுந்து, நிகழ்ச்சி இடையிலே தடைப்பட்டதை மறந்திருக்க மாட்டீர்கள். அத்தகைய பெருவெளியிலே எல்லோரும் அறிந்த பாட்டுத்தான் எடுபடும். அறியாத சொல் காற்றிற் போய்விடும். நெருக்கிக் கட்டிய சொல்லுக்கு, பாடுபவனின் வாயசைவு தெரியும் தூரத்திலே கேட்பவன் இருக்கவேண்டும். அதற்கேற்ற மண்டபம் வன்னியில் ஊருக்கு ஊர் இருக்கின்றது. பகலிற் பத்திரிகை வாசிப்பும் மாதம் ஒரு கூட்டமும் நடந்து, மற்ற மாலைகளிற் பூட்டிக் கிடக்கின்றது. திறப்பு எங்கள் தலைமுறையின் மடியில் இருக்கின்றது; பிள்ளைகள் கேட்கக் கூச்சப்படுகின்றார்கள்.

கேட்டாற் கொடுக்கும் நிர்வாகத்தினருக்குச் சில குறிப்புகள். திருவிழா ஒலிபெருக்கி வேண்டாம். ஒரு சிறு பெட்டி போதும், சத்தம் கூடினாற் சொல் மறையும். ஊரில் மத்தளமோ மிருதங்கமோ வாசிப்பவர் இருந்தால் அவரையும் அழையுங்கள். கைத்தொலைபேசித் தாளத்தைவிட அது சிறப்பு. பாடுகின்ற பிள்ளை தன் வரிகளைத் தாளில் எழுதிப் பிரதி எடுத்து ஒவ்வொரு கதிரையிலும் வைக்கட்டும். முதியவர்கள் வாசித்துக்கொண்டே கேட்பார்கள், பிழையும் பிடிப்பார்கள். பரீட்சை மாதங்களைத் தவிருங்கள். ஊருக்குக் கடைசி பஸ் எட்டு மணிக்கென்றால் ஏழரைக்கு முடித்துவிடுங்கள். தூரத்திலிருந்து வந்த பிள்ளைகள் வீதியில் நிற்கக்கூடாது.