ஒன்பது சுற்று பார்க்காதவருக்குப் பத்தாவது சுற்று புரியாது

அதிராம்பட்டினம் பக்கம் விளையாட்டுப் பேச்சு என்றால் கால்பந்துதான் முந்திக்கொள்ளும். குத்துச்சண்டையை வடசென்னைக்கு எழுதிக்கொடுத்து வெகுகாலம் ஆகிறது. ஆனாலும் 2021-இல் ‘சார்பட்டா பரம்பரை’ படம் வந்தபின் இந்த ஆட்டத்தின்மேல் எல்லா ஊர்க்காரர்களுக்கும் ஒரு கண். உலகத்திலேயே பரபரப்பான சுற்று எது என்ற விவாதமும், மூன்று மூன்று நிமிடமாக நறுக்கிய காணொளிகளும் கூடவே வந்துவிட்டன. நறுக்கிய துண்டில் குத்து தெரியும், ரத்தம் தெரியும். அந்தச் சுற்றைப் பெரிதாக்கிய காரணம் மட்டும் வெட்டுப்பட்டுப் போகிறது என்பது என் கட்சி.

பலரும் முதலிடம் கொடுப்பது 2005 மே 7-இல் லாஸ் வேகாஸில் டியகோ கொராலஸும் ஹோசே லூயிஸ் காஸ்டில்லோவும் மோதிய பத்தாவது சுற்றுக்கு. அதில் கொராலஸ் இரண்டு முறை விழுந்தார். இரண்டு முறையும் வாயிலிருந்த பல்காப்பு வெளியே வந்தது. நடுவர் டோனி வீக்ஸ் ஒரு புள்ளியைப் பிடுங்கினார். பல்காப்பை மறுபடி மாட்டுகிற சில விநாடிகளில் மூச்சு வாங்கிய கொராலஸ், திரும்பி வந்து காஸ்டில்லோவைக் கயிற்றோடு சாய்த்தார். கை தொங்கிப்போன காஸ்டில்லோவைப் பார்த்து நடுவர் சண்டையை நிறுத்தியபோது அந்தச் சுற்றில் 2 நிமிடம் 6 விநாடிதான் ஆகியிருந்தது. துண்டை மட்டும் பார்த்தவருக்கு இது மாயம். முந்தைய ஒன்பது சுற்றும் தலையோடு தலை முட்டி நின்று இருவரும் வாங்கிக் குவித்ததைப் பார்த்தவருக்கு மாயம் ஒன்றுமில்லை. காஸ்டில்லோவிடமும் சரக்கு தீர்ந்துகொண்டிருந்தது. கொராலஸ் பல்காப்பைத் துப்பி நேரம் சம்பாதித்தார் என்ற புகாரில் நியாயம் உண்டு. அதற்குத்தான் புள்ளி போயிற்று. ஆனால் கிடைத்த நேரத்தை வைத்து எதிராளியைச் சாய்க்க, அவரும் களைத்திருக்க வேண்டுமல்லவா?

2002 மே மாதம் மிக்கி வார்டும் ஆர்ட்டுரோ கட்டியும் ஆடிய ஒன்பதாவது சுற்றும் இதே ரகம். வார்டின் இடக்கை விலாவுக்குக் கீழே கல்லீரல் பக்கம் இறங்கியதும் கட்டி முகம் சுருங்கி மண்டியிட்டார். தாடையில் விழும் குத்து நினைவைத் தப்பவைக்கும். இந்தக் குத்து நினைவை விட்டுவிட்டு மூச்சை மட்டும் பிடுங்கும். அப்படியும் கட்டி எழுந்து திருப்பியடித்தார், அடுத்த சுற்றுக்கும் வந்தார். வென்றது வார்டு.

அப்படியானால் 1985-இல் ஹேக்லரும் ஹெர்ன்ஸும் ஆடிய முதல் சுற்று? அதற்கு முன்னால் ஒரு சுற்றும் இல்லையே என்று கேட்பார்கள். வலுவான கேள்விதான். ஆனால் அந்தச் சுற்றிலேயே ஹெர்ன்ஸின் வலக்கை எலும்பு முறிந்தது. ஹேக்லரின் நெற்றி பிளந்தது. அந்த மூன்று நிமிடத்துக்கு என்ன விலை என்பது மூன்றாவது சுற்றில் ஹெர்ன்ஸ் விழுந்தபோதுதான் தெரிந்தது. முன்னால் இல்லாத கதை பின்னால் இருந்தது, அவ்வளவே.

இதற்காகச் சுற்றுகளை நீட்டச் சொல்லவில்லை. 1982-இல் மான்சினியிடம் பதினான்காவது சுற்றில் விழுந்த கொரிய வீரர் கிம் டுக் கூ சில நாளில் இறந்தார். உலகக் குத்துச்சண்டைக் கவுன்சில் பதினைந்தைப் பன்னிரண்டாகக் குறைத்தது அதன் பிறகே. ரசிகனின் பரபரப்புக்காக அந்த மூன்று சுற்றைத் திருப்பிக் கேட்பது அக்கிரமம்.

மூன்றே சுற்று உள்ள ஒலிம்பிக்கிலும் கணக்கு இதுதான். டோக்கியோவில் கொலம்பியாவின் இங்ரித் வாலன்சியாவிடம் மேரி கோம் முதல் சுற்றை ஐந்து நடுவர்களில் நால்வரின் அட்டையில் இழந்தார். அடுத்த இரண்டையும் 3-2 என்று வென்றார். முடிவு 2-3. மூன்றில் இரண்டை வென்றவர் தோற்பதா என்று இங்கே கொதித்தார்கள். அவருக்கும் அந்த முடிவு விளங்கவில்லை. ஒவ்வொரு நடுவரின் அட்டைக்கும் தனிக் கூட்டல். முதல் சுற்றில் நாலு அட்டையில் விட்ட புள்ளியை அடுத்த இரண்டு சுற்றின் மெல்லிய முன்னிலையால் மீட்க முடியவில்லை.