செல்ஃப் எடுக்கிறது, வண்டி எடுக்கவில்லை

வண்டி வைத்திருப்போர் பட்டறைக்குச் சென்று கூறும் குறைகளுள் மிகப் பழமையானது இது: "செல்ஃப் எடுக்கிறது, வண்டி எடுக்கவில்லை." கூறுவோர் இதனை ஒரே செய்தியாகக் கருதுகின்றனர். இதனுள் இரண்டு செய்திகள் உள்ளன. முதலாவது நல்ல செய்தி. செல்ஃப் மோட்டார் எஞ்சினை நல்ல வேகத்தில் சுழற்றுகின்றதெனில், பேட்டரியும், மோட்டாரும், அவற்றை இணைக்கும் தடித்த கம்பிகளும் தத்தம் வேலையைச் செய்துவிட்டன என்பது பொருள். குறை அவற்றுக்கு அப்பால் எங்கோ இருக்கின்றது. இதனை எண்ணிப் பாராமல் முதல் வேலையாகப் புதிய பேட்டரி வாங்கி மாட்டுவோர் எத்தனை பேர்!

"நல்ல வேகத்தில்" என்று நாம் கூறியதை மனத்தில் கொள்க. எஞ்சின் முனகி முனகி மெல்லச் சுழலுமாயின், ஐயம் மீண்டும் பேட்டரியின் மீதே விழும். டீசல் வண்டிகளுக்கு இது மிகவும் பொருந்தும். டீசல் எஞ்சினில் பொறி கிடையாது; காற்றை இறுக அழுத்தி, அதனால் பிறக்கும் வெப்பத்தைக் கொண்டே எண்ணெய் பற்றுகின்றது. சுழற்சி மந்தமானால் வெப்பமும் போதாது.

பெட்ரோல் வண்டிக்கு வேண்டுவன மூன்று: காற்றோடு கலந்த பெட்ரோல், அதனை அழுத்தும் இறுக்கம், உரிய நொடியில் ஒரு பொறி. எஞ்சின் பற்றவில்லையெனில் இவற்றுள் எது வரவில்லை என்பதே முதல் வினா. எந்தப் பாகத்தை மாற்றுவது என்பது அதற்குப் பின் வர வேண்டிய வினா. நடைமுறையில் பின்னதே முந்திக்கொள்கின்றது. அதற்கு விலை கொடுப்பவரோ பெரும்பாலும் எளியவர்.

நாம் அறிந்த அன்பர் ஒருவர், பெட்ரோலில் ஓடும் சிறு சரக்கு வண்டி கொண்டு விடியற்காலையில் காய்கறி ஏற்றிப் பிழைப்பவர். ஒருநாள் வண்டி எடுக்கவில்லை. பார்த்த மெக்கானிக், "பம்ப் போய்விட்டது" என்றார். மனைவியின் சங்கிலி அடகுக்குப் போயிற்று; புதிய பம்ப் வந்தது; வண்டி எடுக்கவில்லை. அடுத்து, எஞ்சினை ஆளும் கம்ப்யூட்டர் பெட்டியையே மாற்ற வேண்டும் என்ற பேச்சு எழுந்தது. நல்வேளையாக, வயது முதிர்ந்த எலக்ட்ரீஷியன் ஒருவர் சிறிய டெஸ்ட் லாம்ப் ஒன்றுடன் வண்டியடியில் படுத்தார். பம்புக்குக் கரண்டே வரவில்லை. எலி கடித்த கம்பி! ஒட்டுப் போட்டு டேப் சுற்றியதும் எஞ்சின் பாடிற்று. கழற்றி எறிந்த பழைய பம்பில் யாதொரு பழுதும் இல்லை. வாங்கிய மின் பாகத்தைக் கடைக்காரர் திருப்பி எடுப்பதும் இல்லையே! அக்கடனை அடைக்க அக்குடும்பத்துக்குப் பல மாதங்கள் ஆயின.

இச்செலவைத் தடுத்திருக்கக்கூடிய சோதனைக்குக் காசு வேண்டா. இன்றைய பெட்ரோல் வண்டிகள் பலவற்றில் செல்ஃப் அடிக்காமல் சாவியை 'ஆன்' நிலைக்கு மட்டும் திருப்பினால், டேங்கின் பக்கமிருந்து இரண்டு மூன்று விநாடிகள் மெல்லிய ரீங்காரம் எழும். அது பம்பின் ஒலி. ஒலி இல்லையெனில், "பம்ப் போயிற்று" என்று தீர்ப்பிடாமல், ஃபியூஸ், ரிலே, கம்பி என்று கரண்ட் வரும் வழியைத் தொடர்ந்து செல்லல் வேண்டும். டேங்கில் பெட்ரோல் இருக்கின்றதா என்பதையும் முள்ளை மட்டும் நம்பிக் கூறலாகாது. முள்ளும் பொய் சொல்லும்.

அடுத்து, கண்ணும் மூக்கும். சாவிப் படம் பொறித்த விளக்கு ஓயாமல் மின்னினால், வண்டி தன் சாவியை அடையாளம் காணவில்லை; வீட்டிலுள்ள இரண்டாம் சாவியைக் கொண்டு முயல்க. பெட்ரோல் நாற்றம் மிகுந்தால் ஓவர்ஃப்ளோ. சற்றுப் பொறுத்து, ஆக்சிலரேட்டரை முழுதும் மிதித்தபடி செல்ஃப் அடித்தால் பல வண்டிகளில் பெட்ரோல் வரவு நின்று உள்ளே உலரும். செல்ஃப் அடிக்கையில் ஆர்.பி.எம். முள் சற்றும் அசையாதிருப்பின், கிராங்க் சென்சாரை ஐயுறலாம். சூட்டில் படுத்து, ஆறியபின் எழும் வண்டிகளிலும் இதுவே பல வேளை குற்றவாளி. சுழலும் ஒலியே மாறி, ஏற்ற இறக்கமின்றி வெறும் மோட்டார் போல் விரைவாக ஒலித்தால் உடனே நிறுத்துக. டைமிங் பெல்ட் அறுந்திருக்கலாம். மேலும் சுழற்றினால் வால்வுகள் பிஸ்டனில் மோதக்கூடும்.

டீசல் வண்டியில் சைலன்சரைப் பார்க்க வேண்டும். செல்ஃப் அடிக்கும்போது வெண்புகை வந்தால் எண்ணெய் வருகின்றது, பற்றவில்லை. புகையே இல்லையெனில் எண்ணெய் வரவில்லை. டேங்க் வற்றி ஓடிய வண்டியாயின் ஏர் பிடித்திருக்கும். கைப்பம்பை அழுத்தி ஏர் எடுத்தால் சரியாகும். ஆனால் பழைய ஜீப்பில் செய்ததுபோல, இன்றைய காமன் ரெயில் வண்டிகளில் இன்ஜெக்டர் குழாய்களைத் தளர்த்தலாகாது. ஆயிரம் பாருக்கு மேற்பட்ட அழுத்தத்தில் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உட்புகும்.

அம்பாசிடர் காலத்துப் பழக்கம் இன்னொன்றும் உண்டு. பிளக் வயரைக் கழற்றி எஞ்சின் அருகே பிடித்துப் பொறி பார்ப்பது. அன்று அது கைகொடுத்தது. ஹேண்டில் போட்டுச் சுற்றிய அந்த நாள்களை நினைக்க நமக்கும் இன்பமே. அம்பாசிடர் உற்பத்தி 2014-இல் நின்றுவிட்டது, அப்பழக்கமும் நிற்கட்டும். இன்றைய காயில்களின் மின்னழுத்தம் பல்லாயிரம் வோல்ட்; ஆளையும் அடிக்கும், கம்ப்யூட்டரையும் கெடுக்கும். பொறி பார்க்கவெனத் தனிக் கருவி மலிவாகக் கிடைக்கின்றது. குறைக் குறியீட்டைக் காட்டும் ஸ்கேனரும் பெரும் உதவியே. எனினும் அது காட்டுவது குறை எழுந்த சர்க்யூட்டை. அச்சர்க்யூட்டில் சென்சாரும் உண்டு, பிளக்கும் உண்டு, எலி கடித்த கம்பியும் உண்டு.

எச்சோதனையாயினும், ஒருமுறைக்குப் பத்து விநாடிக்கு மேல் செல்ஃப் அடிக்க வேண்டா. இடையே அரை நிமிடமேனும் ஓய்வு கொடுக்க. ஆத்திரத்தில் அடித்துக்கொண்டே இருந்தால் நன்றாயிருந்த பேட்டரியும் மோட்டாரும் கெட்டு, ஒரு குறை மூன்றாகும்.

செல்ஃபைத் தொடவே கூடாத வேளையும் ஒன்று உண்டு. 2015 டிசம்பரில் சென்னையிலும், 2023 டிசம்பரில் மீண்டும் சென்னையிலும், அதே மாதம் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களிலும் வெள்ளத்தில் வண்டிகள் மூழ்கின. காற்றை அழுத்தலாம், நீரை அழுத்த இயலாது. சிலிண்டரில் நீர் புகுந்த எஞ்சினைச் சுழற்றினால் கனெக்டிங் ராடு வளையும். அத்தகைய வண்டியின் பேட்டரி இணைப்பைக் கழற்றி, கட்டி இழுத்துச் சென்று, பிளக்குகளை எடுத்து நீரை வெளியேற்றிய பின்னரே சுழற்ற வேண்டும். நீரில் நின்ற வண்டியைச் செல்ஃப் அடித்ததனால் உடைந்த எஞ்சினுக்கு, எஞ்சின் பாதுகாப்பு என்னும் தனிச் சேர்க்கை இல்லாத பாலிசியில் இழப்பீடு கிடைப்பது அரிது. ஐப்பசி மழைக்கு முன்னரே பாலிசியை எடுத்து அவ்வரி இருக்கின்றதா என்று பார்த்து வைத்துக்கொள்க.