லேப்டாப் லாக் ஆயிடுச்சா? ஃபார்மட் போடும் முன் அந்தப் பழைய நம்பரைத் தேடுங்க!

"அக்கா, லேப்டாப் திறக்க மாட்டேங்குது. ஏ1பி2சி3-ன்னு டைப் பண்ணச் சொல்லுது. வைரஸா இருக்குமா?"

சனிக்கிழமை ராத்திரி ஒன்பது மணிக்கு நெல்லிக்குப்பத்திலிருந்து சித்தி பொண்ணு போன். கடலூர் காலேஜில் பி.காம் கடைசி வருஷம். புதன்கிழமை வைவா. சர்க்கரை ஆலை ஊர்ப் பொண்ணு என்பதால் ப்ராஜெக்டும் கரும்பு விவசாயிகளின் வரவு செலவு பற்றித்தான். 60 வீடுகளுக்கு நடந்து, வெட்டுக்கூலி, உரச் செலவு, வண்டி வாடகை என்று எல்லாம் கேட்டு எக்ஸெலில் ஏற்றியிருந்தாள். எழுதி வாங்கிய பேப்பர்கள் எங்கே என்று கேட்டேன். டைப் பண்ணி முடித்தாச்சே என்று சித்தி அதைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட்டாராம்!

நடந்தது இதுதான். தம்பி கேம் ஆடுகிறான் என்று கோபத்தில் பின் நம்பரை மாற்றியிருக்கிறாள். மூன்று நாள் கழித்து மாற்றியவளுக்கே மறந்துவிட்டது. தோன்றியதையெல்லாம் தட்டிப் பார்த்திருக்கிறாள்.

அந்த ஏ1பி2சி3 வைரஸ் இல்லை. பின்னைப் பலமுறை தப்பாகப் போட்டால், தெரிந்துதான் தட்டுகிறோமா, இல்லை கீபோர்டில் ஏதாவது சிக்கி அழுந்துகிறதா என்று பார்க்க விண்டோஸ் வைக்கும் சின்ன பரீட்சை. அதற்குப் பிறகும் தப்பாகவே தட்டினால் ரீஸ்டார்ட் பண்ணச் சொல்லும். அப்புறம் பின்னை வாங்குவதையே நிறுத்திவிடும். "கையை எடு. இனிமே எதையும் தட்டாதே" என்றேன்.

நான் சொன்னதை அவள் கேட்டாள், சித்தப்பா கேட்கவில்லை. ஞாயிறு காலையிலேயே லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போய்விட்டார். "ஃபார்மட் போட்டுடலாம் சார், 600 ரூபா." உள்ளே இருப்பது? "அது போயிடும்." கடை வாசலில் இருந்து அவள் அழுதுகொண்டே வீடியோ கால் பண்ணினாள். நல்லவேளை, வேலையை இன்னும் ஆரம்பிக்கவில்லை.

கடைக்காரரைக் குற்றம் சொல்ல மாட்டேன். 2011-ல் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கிய காலத்தில் நம்மில் பலர் வீட்டுக்கு வந்த முதல் கம்ப்யூட்டர் அதுதான். அன்றைக்கு பாஸ்வேர்டு என்பது பெரும்பாலும் அந்த மெஷினுக்குள்ளேயே இருந்த பூட்டு. பாஸ்வேர்டு மறந்தால் கடைக்காரர் ஒரு பென் டிரைவைச் செருகித் திறந்துவிடுவார். இல்லையென்றால் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டி போட்டோ, ஃபைல் எல்லாவற்றையும் எடுத்துத் தருவார். பழைய மெஷின்களில் இன்றைக்கும் இது நடக்கும். ஆனால் இப்போது வரும் லேப்டாப்களில் மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட் போட்டு விண்டோஸ் 11-ஐத் தொடங்கினால், பெரும்பாலும் டிஸ்க் தானாகவே என்கிரிப்ட் ஆகிவிடுகிறது. 2024-ல் வந்த 24எச்2 பதிப்பிலிருந்து இது இன்னும் பரவலாகிவிட்டது. அந்த டிஸ்க்கைக் கழற்றி எங்கே மாட்டினாலும் 48 இலக்க ரெக்கவரி கீயைக் கேட்கும். லேப்டாப் திருடு போனால் நமக்கு நல்லதுதான். நாமே மறந்துவிட்டால்?

யாருடைய 47?

மறந்துபோன பின்னை யாராலும் சொல்லித்தர முடியாது. அது அந்த ஒரு மெஷினுக்கு மட்டும் சொந்தம். ஆனால் அந்த மெஷின் ஒரு அக்கவுன்ட்டோடு கட்டப்பட்டிருக்கிறது. அக்கவுன்ட் கைக்கு வந்தால் புது பின் போட்டுக்கொள்ளலாம்.

லாகின் ஸ்கிரீனில் வலது பக்கம் கீழே வைஃபை ஐகான் இருக்கும். அதில் சித்தப்பா போனின் ஹாட்ஸ்பாட்டை இணைக்கச் சொன்னேன். பின் கேட்கும் கட்டத்துக்குக் கீழே 'ஐ ஃபர்காட் மை பின்' என்று இருக்கும். அதை அழுத்தினால் அக்கவுன்ட் பாஸ்வேர்டைக் கேட்டது. வாங்கிய அன்றைக்குப் போட்டது, அதன் பிறகு தொட்டதே இல்லை, யாருக்கு ஞாபகம் இருக்கும்? 'ஃபர்காட் பாஸ்வேர்டு' கொடுத்தோம். 47-ல் முடியும் நம்பருக்குக் கோடு அனுப்பட்டுமா என்றது. அந்த நம்பரின் கடைசி நான்கு இலக்கத்தை நாம் சரியாகப் போட்டால்தான் அனுப்பும்.

அவள் நம்பர் 47-ல் முடியாது. சித்தப்பாவுடையதும் இல்லை. லேப்டாப் விற்ற கடையில் அவர்கள் நம்பரையே போட்டிருப்பார்களோ என்று கேட்டோம் (இது ரொம்ப இடத்தில் நடக்கிறது). அவர்களுடையதும் இல்லை.

எனக்கு வயிற்றைக் கலக்கியது இங்கேதான். பழைய நம்பர், மெயில் இரண்டும் கையில் இல்லை என்று சொல்லி எல்லா விவரத்தையும் புதிதாக மாற்றினால் மைக்ரோசாஃப்ட் 30 நாள் காத்திருக்கச் சொல்லும். வைவாவுக்கு மூன்று நாள்தான் இருக்கிறது. போதாக்குறைக்கு, நம் ஊரில் ஒரு சிம்மை 90 நாள் பயன்படுத்தாமல் விட்டால் இணைப்பு போய், அந்த நம்பர் பிறகு வேறு ஒருவர் கைக்கே போய்விடலாம்.

மத்தியானம் வீட்டில் கடுகு தாளித்துக்கொண்டே சித்தி கேட்டார்: "47-ஆ? நம்ம கேஸ் நம்பர் இல்ல அது?"

லேப்டாப் வாங்கிய வாரத்தில் இவள் போன் டிஸ்ப்ளே உடைந்துகிடந்ததாம். அவசரத்துக்குப் பாட்டியின் பட்டன் போன் நம்பரைக் கொடுத்திருக்கிறாள். சிலிண்டர் டெலிவரி கோடு அந்த நம்பருக்குத்தான் வரும் என்பதால், சித்தி அதற்கு ரீசார்ஜ் போடுவதை நிறுத்தவே இல்லை. போன் ஃப்ரிட்ஜ் மேல் சார்ஜ் செத்துக் கிடந்தது. பழைய மெல்லிய பின் சார்ஜரைத் தேட அரை மணி நேரம். ஆன் ஆனதும் கோடு வந்தது. போன் பிரௌசரிலேயே புது பாஸ்வேர்டு, அதைக் கொண்டு லேப்டாப்பில் புது பின். 60 வீடும் பத்திரமாக இருந்தன.

உங்கள் லேப்டாப்பில் இப்படி இல்லையென்றால்...

மெயில் ஐடியே இல்லாத லோக்கல் அக்கவுன்ட் என்றால், பாஸ்வேர்டைத் தப்பாகப் போட்டதும் கீழே 'ரீசெட் பாஸ்வேர்டு' என்று வரும். ஆரம்பத்தில் மூன்று கேள்விகளுக்குப் பதில் கொடுத்திருப்பீர்கள், முதல் ஸ்கூல், செல்லப் பிராணி பெயர் என்று. அந்தப் பதில்களைச் சரியாகச் சொன்னால் திறந்துவிடும். விளையாட்டாகத் தப்பான பதில் கொடுத்தவர்கள் அந்த விளையாட்டையும் ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். விண்டோஸ் வருவதற்கு முன்பே கறுப்பு ஸ்கிரீனில் பாஸ்வேர்டு கேட்டால் அது பயாஸ் பூட்டு. பில்லோடு கம்பெனி சர்வீஸ் சென்டருக்குத்தான் போக வேண்டும்.

எதுவுமே நடக்கவில்லை என்றால், ஷிஃப்டை அழுத்திக்கொண்டு ரீஸ்டார்ட் கொடுத்து, ட்ரபுள்ஷூட் போய், 'ரீசெட் திஸ் பிசி'. கடையில் 600 ரூபாய்க்குச் செய்வதும் ஏறக்குறைய இதைத்தான். உள்ளே இருப்பது போனாலும் பரவாயில்லை என்றால் மட்டும்.

கூகுளில் 'மைக்ரோசாஃப்ட் கஸ்டமர் கேர்' என்று தேடிக் கிடைக்கும் ஏதோ ஒரு நம்பருக்கு மட்டும் போன் போடாதீர்கள். அதில் மோசடி நம்பர்களும் கலந்திருக்கும். ஸ்கிரீனைப் பார்க்க ஒரு ஆப் போடச் சொன்னாலோ ஓடிபி கேட்டாலோ கட் பண்ணுங்கள். பணம் போய்விட்டால் உடனே 1930.

அன்று சாயங்காலமே அவளை அக்கவுன்ட்டுக்குள் அனுப்பி, நம்பரை அவளுடையதாக மாற்றி, இன்னொரு மெயிலையும் சேர்க்க வைத்தேன். டிவைஸ் பக்கத்தில் பிட்லாக்கர் ரெக்கவரி கீ இருந்தது. ஆறு ஆறாக எட்டுக் கொத்து, 48 இலக்கம். அவள் வாசிக்க, தம்பி எழுத, சித்தி சரிபார்த்தார். அந்தத் தாள் இப்போது ரேஷன் கார்டு கவருக்குள் இருக்கிறது. எக்ஸெல் ஃபைல் ஒரு பிரதி எனக்கும் மெயிலில் வந்துவிட்டது.

போனை வைத்த பிறகு என் அக்கவுன்ட்டைத் திறந்து பார்த்தேன். ரெக்கவரி நம்பர் என்ற இடத்தில், டிப்ளமோ படித்தபோது ஹாஸ்டலில் கூட இருந்த தோழியின் நம்பர். அவளோடு பேசி இரண்டு வருஷம் ஆகிறது. இந்தக் கட்டுரையை அனுப்பிவிட்டுத்தான் அவளுக்குப் போன் பண்ண வேண்டும்.