சாவா மூவாப் பேராடும் நம் கையெழுத்தும்

கணக்கியலின் வரலாறு என்று நம் மாணவர்களுக்குப் பாடநூலில் கிடைப்பது ஏறக்குறைய ஒரு பக்கம். 1494-இல் வெனிஸ் நகரில் லூக்கா பாச்சோலியின் கணித நூல் அச்சாகிறது. அதில் ஒரு பகுதி இரட்டைப் பதிவு முறையை விளக்குகிறது. அடுத்த பத்தியிலேயே பட்டயக் கணக்காளர் சட்டம், 1949 வந்துவிடுகிறது. தேர்வுக்கு இது போதும், தொழிலுக்குப் போதாது. எதைக் காப்பாற்றிய பிறகு மிஞ்சுவதை வருமானம் என்கிறோம் என்ற கேள்வி ஆண்டுதோறும் நம் கையெழுத்துக்கு அடியில் கிடக்கிறது. அதற்கு நம் மண்ணிலேயே ஆயிரம் ஆண்டுப் பழமையுள்ள பதில் ஒன்று உண்டு. அதைக் கல்வெட்டறிஞர்கள் வாசிக்கிறார்கள். கணக்காளர்கள் வாசிப்பதில்லை.

சென்னை–அரக்கோணம் ரயில்பாதையில், திருவாலங்காட்டுக்கு முந்தைய நிலையம் மணவூர். திருத்தணிக்குப் போகும் கூட்டம் பெரும்பாலும் இங்கே இறங்குவதில்லை. சோழர் காலத்து மணவிற்கோட்டம் என்ற ஆட்சிப் பிரிவு இந்த ஊரின் பெயரால் அமைந்தது என்று கருதப்படுகிறது. கணக்கியல் வரலாற்றைத் தொடங்க இதைவிடப் பொருத்தமான இடம் தமிழ்நாட்டில் அதிகம் இருக்காது. ஒரு பக்கம் சோழர் வருவாய்த் துறையின் நடைமுறையை விரிவாகச் சொல்லும் செப்பேடுகள் கிடைத்த ஊர், இன்னொரு பக்கம் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில்பாதை.

1905-இல் திருவாலங்காட்டில் கிடைத்த செப்பேடுகள் மொத்தம் 31 ஏடுகள். முதலாம் ராஜேந்திர சோழனின் ஆறாம் ஆட்சியாண்டில், அதாவது சுமார் 1018-இல், பழையனூர் என்ற ஊர் திருவாலங்காட்டு மகாதேவர் கோயிலுக்குக் கொடுக்கப்பட்டதை அவை சொல்கின்றன. சோழர் குலவரிசைக்காக அவற்றின் சமஸ்கிருதப் பகுதியைப் பலரும் படிக்கிறார்கள். நமக்கு வேண்டியது தமிழ்ப் பகுதி. அரசன் வாய்மொழியாகச் சொன்னதை திருமந்திர ஓலை எழுதுபவர் எழுதுகிறார், ஓலைநாயகம் ஒப்புகிறார், பிறகு அது புரவுவரித் திணைக்களத்துக்குப் போகிறது. வரிப்பொத்தகம், முகவெட்டி, வரிப்பொத்தகக் கணக்கு, பட்டோலை எனத் தனித்தனிப் பொறுப்பில் இருப்பவர்கள் கூடியிருக்க, ஊரின் வரி நிலை மாறியது வரியிலிடப்படுகிறது. அதன் பிறகே நாட்டார் முன்னிலையில் பிடியானை எல்லையைச் சுற்றிவர, கல்லும் கள்ளியும் நடுகிறார்கள். ஆணையிடுபவர் ஒருவர், எழுதுபவர் ஒருவர், சரிபார்ப்பவர் இன்னொருவர், களத்தில் நின்று சான்று சொல்பவர் வேறொருவர். உள்கட்டுப்பாடு என்று நாம் வகுப்பில் நடத்தும் பாடம் இதில் முழுமையாக இருக்கிறது. வருவாய் நெல்லாகவும் பொன்னாகவும் குறிக்கப்படுவதால், கலம், குறுணி, நாழி ஒரு பக்கமும் கழஞ்சு, மஞ்சாடி இன்னொரு பக்கமும் நுணுக்கமாக நடக்கின்றன.

இவற்றைக் கணக்குப் புத்தகம் என்று சொல்லிவிடக் கூடாது. நாள்வழிக் கணக்கு ஓலையில் இருந்தது, அந்த ஓலை போய்விட்டது. எந்த விதிப்படி கணக்கு எழுதப்பட்டது, யார் யாருக்குக் கணக்குக் காட்டக் கடமைப்பட்டார்கள் என்பதற்கான சான்று மட்டும் செம்பிலும் கல்லிலும் தங்கியிருக்கிறது. முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (919, 921) குடவோலைக்காகப் புகழ்பெற்றவை. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் மறுபடி வாரியத்துக்கு வர முடியாது என்று அவை விதிப்பதைத் தேர்தல் பேச்சின் நடுவே மறந்துவிடுகிறோம். கணக்கெழுதியவர் சபையின் முன் கணக்கை ஒப்புவித்துத் தூயவர் என்று ஏற்கப்பட்ட பிறகே மறுபடி கணக்கெழுத முடியும் என்பதும் அங்கேயே இருக்கிறது.

கோட்பாட்டு நோக்கில் என்னை அதிகம் ஈர்ப்பது நந்தாவிளக்குக் கொடை. கோயிலில் ஒரு விளக்கு இடைவிடாமல் எரிய ஒருவர் ஆடு கொடுக்கிறார். தஞ்சைப் பெரிய கோயிலில் விளக்கு ஒன்றுக்கு 96 ஆடு, தொண்டை மண்டலத்தில் பெரும்பாலும் 90. அவற்றைப் பொறுப்பேற்கும் இடையர் நாளுக்கு ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். இந்த ஆடுகளைக் கல்வெட்டு சாவா மூவாப் பேராடு என்கிறது. ஆடு சாகும், கிழடாகும் என்று எழுதியவருக்குத் தெரியாதா? மந்தையின் எண்ணிக்கையும் திறனும் குறையக் கூடாது என்பதே விதி. இறந்ததையும் மூத்ததையும் குட்டிகளை வளர்த்து ஈடுசெய்வது இடையர் கடன். ஈடுசெய்தது போக மிஞ்சிய பெருக்கம் அவருடைய ஊதியம் என்று கொள்ளலாம். நோய் வந்தால் நட்டமும் அவருடையது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். நான்கு உழக்கு ஒரு நாழி. ஆண்டை 360 நாளாகக் கொண்டால் ஒரு விளக்குக்கு 90 நாழி நெய். தொண்ணூறு ஆட்டுக்குத் தொண்ணூறு நாழி, அதாவது ஆட்டுக்கு ஆண்டுக்கு ஒரு நாழி. தொண்டை மண்டலத்து எண் இந்த வாய்பாட்டிலிருந்து வந்திருக்கும் என்றே எனக்குத் தோன்றுகிறது. தஞ்சையில் 96 ஆட்டுக்குப் பதில் 48 பசுவோ 16 எருமையோ ஒரு விளக்குக்கு ஈடு. மூன்று வகைச் சொத்தை அவற்றின் விளைவால் ஒப்பிட்டு மதிப்பிட்டிருக்கிறார்கள். காசாகக் கொடுத்த முதலுக்கு ஆண்டுக்கு எட்டில் ஒரு பங்கு வட்டி. அதை நெல்லாக அளந்தால் காசுக்கு மூன்று குறுணி. காசு ஒன்றுக்கு இரண்டு கலம், அதாவது 24 குறுணி என்ற விலையில் இதுவும் எட்டில் ஒன்றுதான்.

ஜான் ஹிக்ஸ் 1939-இல் 'மதிப்பும் மூலதனமும்' என்ற நூலில் வருமானத்துக்குத் தந்த விளக்கம் நமக்கெல்லாம் தெரியும்: தொடக்கத்தில் இருந்த நிலை குறையாமல் ஒருவர் அந்தக் காலத்தில் எவ்வளவு செலவழிக்க முடியுமோ, அது. எந்த நிலை என்பதில்தான் சிக்கல். போட்ட பணம் குறையாமல் இருந்தால் போதுமா, அந்தப் பணம் செய்த வேலை குறையாமல் இருக்க வேண்டுமா? இன்றைய பன்னாட்டுக் கருத்தியல் சட்டகம் நிதி மூலதனப் பேணல், பௌதிக மூலதனப் பேணல் என்று இரண்டையும் விளக்கி, தேர்வை நிறுவனத்திடம் விட்டுவிடுகிறது. நந்தாவிளக்குக் கொடை இரண்டாவது பக்கம் நின்றது. கொடையாளிக்கு ஆட்டின் விலை முக்கியமில்லை, விளக்கு எரிய வேண்டும்.

இதே கேள்வி 1856-இல் மணவூர் வழியே ரயிலேறி வந்தது. அந்த ஆண்டு ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை மதராஸ் ரயில்வே கம்பெனியின் பாதை திறக்கப்பட்டது. போட்ட மூலதனத்துக்கு சுமார் 5 சதவீத வட்டி கிடைக்கும் என்று அரசு உத்தரவாதம் தந்திருந்தது. அதனால் ஒரு செலவு மூலதனக் கணக்கில் ஏறுகிறதா, வருவாய்க் கணக்கில் ஏறுகிறதா என்பது யார் பணம் யாருக்குப் போகிறது என்பதையே தீர்மானித்தது. மரச் சிலிப்பர்கள் சில ஆண்டுகளில் உளுத்துவிடும். அந்நாளைய ரயில் கம்பெனிகள் பலவும் ஆண்டுதோறும் தேய்மானம் எழுதவில்லை. பழையதை மாற்றும்போது ஆகும் செலவை அந்த ஆண்டின் வருவாயில் கழித்தார்கள். பாதை என்றும் முழுமையாக இருக்கும், ஆகவே தேய்மானம் வேண்டாம் என்பது வாதம். சாவா மூவாப் பேராட்டின் வாதமும் இதுவே. ஆனால் இடையருக்கு மந்தையை நிரப்பும் கட்டாயம் இருந்தது. ரயில் கம்பெனிக்கோ மாற்றுவதைத் தள்ளிப்போட்டு லாபத்தைக் கூட்டிக் காட்ட வழி இருந்தது. 1920–21-இல் ஆக்வொர்த் குழு ஆராய்ந்த பிறகு, 1924-இல் இந்திய ரயில்வேயின் நிதி பொது வரவுசெலவுத் திட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டு, தேய்மான நிதியும் ஏற்படுத்தப்பட்டது.

இப்போது நம் மேசைக்கு வருவோம். அறக்கட்டளைகளுக்கும் கோயில் கட்டளைகளுக்கும் தணிக்கை செய்யும் நண்பர்கள் நம்மில் ஏராளம். 1960-இல் தினசரி விளக்குக்கென்று ஒருவர் 1,000 ரூபாய் வைப்பு வைத்திருந்தார் என்று வைத்துக்கொள்வோம். இன்றும் அந்த 1,000 ரூபாய் அப்படியே இருக்கும். மூல நிதி குறையவில்லை என்று எழுதி நாமும் கையெழுத்திடுவோம். அதன் ஆண்டு வட்டிக்கு ஒரு மாத எண்ணெய்கூட வராது. நம் சான்றில் ஒரு சொல்லும் பொய்யில்லை, கொடையாளியின் விளக்கு மட்டும் அணைந்துவிட்டது. விலைவாசி மாறும்போது கணக்கு எப்படி மாற வேண்டும் என்று பெரிய நாடுகளே தடுமாறியிருக்கின்றன. பிரிட்டன் 1980-இல் நடப்பு விலைக் கணக்கு முறைக்கான தரநிலையை வெளியிட்டு, எதிர்ப்பு வலுத்ததால் 1988-இல் விலக்கிக்கொண்டது. நிறுவனக் கணக்கில் அந்த முறை சிக்கலானது என்பதை ஏற்கிறேன். கட்டளைக் கணக்கில் அது எளிது, ஏனெனில் நோக்கம் ஒன்றுதான். இந்த நோக்கத்தை இன்றைய விலையில் நிறைவேற்ற எவ்வளவு ஆகும், வட்டி எவ்வளவு தருகிறது என்று குறிப்புரையில் இரண்டு எண்கள் சேர்ப்பதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. இந்த ஆண்டு பசலிக் கணக்கை முடிக்கும்போதே அதைத் தொடங்கலாம்.

நம் பெருமைக்காக வரலாற்றைத் தேடும் பழக்கத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1986-இல் 'அபேகஸ்' ஆய்விதழில் பி.எம். லால் நிகம், பாச்சோலிக்கு முன்பே இந்தியாவின் மரபுக் கணக்கு முறையான பஹி-கட்டாவில் இரட்டைப் பதிவு இருந்தது என்று எழுதினார். மறு ஆண்டு அதே இதழில் கிறிஸ்டோபர் நோப்ஸ் அதற்கான சான்று போதாது என்று மறுத்தார். இத்தாலியில் 1300-ஐ ஒட்டிய ஃபரோல்ஃபி பேரேடும் 1340-ஆம் ஆண்டு ஜெனோவா நகரக் கணக்கும் கையில் இருக்கின்றன. நம் பக்கம் அப்படிக் காட்ட அந்தக் காலத்து ஏடு வேண்டும். யார் முதலில் என்ற வழக்கில் என் ஆர்வம் குறைவு. சோழர் கணக்கு இரட்டைப் பதிவாக இருந்தது என்று சொல்ல ஆதாரம் இல்லை, சொல்லவும் தேவையில்லை. ஒப்படைத்த பொருளுக்குப் பொறுப்புச் சொல்லும் கணக்கு என்ற முறையில் அது தன்னளவில் முழுமையானது. அதை வெனிஸின் அளவுகோலால் அளக்கும்போதுதான் குறைபோலத் தெரிகிறது.

சான்றுகள் இன்னும் அழிந்துகொண்டிருக்கின்றன, அதில் நமக்கும் பங்கு உண்டு. 1980 நவம்பரில் தமிழ்நாட்டில் கர்ணம் பதவி ஒழிக்கப்பட்டபோது, வீட்டுப் பரணில் இருந்த பழைய சிட்டாக்களும் அடங்கல்களும் அரசுப் பாதுகாப்புக்கு முழுமையாக வந்துவிடவில்லை. 1960 ஏப்ரல் வரை ஆந்திரத்துச் சித்தூர் மாவட்டத்தில் இருந்த திருத்தணிப் பகுதியில் தெலுங்கில் எழுதிய கணக்குகளும் உண்டு. தமிழ் மட்டும் தெரிந்தவர்கள் அவற்றைக் குப்பை என்று எடுத்துப் போடும் ஆபத்து இங்கே இரட்டிப்பு. கம்பெனிச் சட்டம் எட்டு நிதியாண்டுக் கணக்கைப் பாதுகாக்கச் சொல்கிறது. ஒன்பதாம் ஆண்டில் பழைய பேரேட்டை எடைக்குப் போடலாமா என்று வாடிக்கையாளர் கேட்பது நம்மிடம்தான்.

அப்படி யாராவது கேட்டால், ஐம்பது ஆண்டுக்கு முந்தைய கையெழுத்துப் பேரேடு, நாள்வழி, ஐந்தொகை, ஓலைக் கணக்கு எதுவாக இருந்தாலும் உரிமையாளரின் எழுத்து மூல ஒப்புதலுடன் எழும்பூர் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தையோ தரமணி ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தையோ அணுகச் சொல்லுங்கள். ஓலையாக இருந்தால் சென்னை அரசு கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தைக் கேட்கலாம். கட்டைப் பிரித்து வரிசை மாற்ற வேண்டாம். எழுதியவர் யார், எந்த ஊர், எந்தக் கடை அல்லது கோயில், எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை, அளவை படியா மரக்காலா, பணம் ரூபாய்-அணா-பைசாவா என்று உரிமையாளருக்கு நினைவிருக்கும்போதே ஒரு தாளில் எழுதி ஏட்டோடு சேர்த்துக் கட்டுங்கள்.